நாற்பதாம் நம்பர் நூலும் நகைச்சுவை நாடகமும்

(கருமத்தம்பட்டியில், நாடகம் எழுத விரும்பும் இளைஞர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வளர்ந்து வரும் நகைச்சுவை நாடகாசிரியர் ஒருவருடைய எழுத்து எப்படி உருவாகிறது என்று பேசச் சொன்னார்கள். இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொண்டு பேசியிருக்கலாம். ஆனால் வளர்ச்சி என்பது வளர்ந்து முடித்த பிறகுதான் முழுதாகத் தெரியும். அதனால் நீங்கள் எல்லோரும் அறிந்த ஒருவரை, அவரை யாரும் அறியாத காலத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். கிரேஸி மோகன். அதுவும் 1972 முதல் 1979 வரையிலான ஏழு ஆண்டுகளில் இருந்த மோகன்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சினிமாவில் தொடங்குகிறார்கள். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்', அடுத்து 'மைக்கேல் மதன காம ராஜன்', 'சதி லீலாவதி', 'அவ்வை சண்முகி', 'பஞ்சதந்திரம்' என்று பட்டியல் போடுவார்கள். பிறகு அந்த வசனங்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் எழுத உட்காருகிற உங்களுக்கு அந்தப் பட்டியல் உதவாது. அதற்கும் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மாணவர் என்ன செய்தார் என்பதுதான் உதவும்.

அவர் 1952 அக்டோபர் 16-ஆம் தேதி பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்தார். 1972-இல் கல்லூரிகளுக்கிடையிலான நாடகப் போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி' என்ற நாடகத்தை எழுதி நடித்தார். சிறந்த எழுத்துக்கும் நடிப்புக்கும் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்தவர் கமல்ஹாசன். படிப்பு முடிந்ததும் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் ஆலை, மற்ற நேரத்தில் எழுத்து. 1976-இல் எஸ்.வி.சேகரின் நாடகப்பிரியா குழுவுக்கு 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதிக் கொடுத்தார். அந்த நாடகத்தின் வெற்றியால்தான் அவர் பெயருக்கு முன்னால் 'கிரேஸி' என்று ஒட்டிக்கொண்டது. 1979-இல் கிரேஸி கிரியேஷன்ஸ் என்று சொந்தமாகக் குழு தொடங்கினார். தம்பி பாலாஜி மேடையில் மாது ஆனார், இன்றும் மாது பாலாஜிதான்.

இந்த ஏழு ஆண்டுகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதினார். கல்லூரிப் போட்டிக்கு எழுதியபோது உடன் படித்தவர்களின் வாய்க்கு எழுதினார். சேகருக்கு எழுதியபோது சேகரின் வேகத்துக்கு எழுதினார். தன் குழு அமைந்ததும் தம்பிக்கும் நண்பர்களுக்கும் எழுதினார். இன்னார் இந்த வரியை இப்படித்தான் சொல்வார் என்று காதில் கேட்டுக்கொண்டே எழுதப்பட்ட வரிகள் அவை. பொதுவாக ஒரு நடிகருக்கு என்று எழுதினால் வசனம் தட்டையாகிவிடும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பருக்கு என்று எழுதிப் பாருங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

பாத்திரங்களின் பெயரையும் அவர் அடிக்கடி மாற்றவில்லை. நாயகன் மாது, நண்பன் சீனு, நாயகி ஜானகி. பள்ளிக்கூடத்தில் தன்னை மேடையேற்றிய ஜானகி டீச்சரின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார் என்பது பலருக்கும் தெரியும். அந்த நன்றியுணர்வு ஒருபக்கம் இருக்கட்டும். நாடகத் தொழிலாகப் பார்த்தால் இதில் பெரிய வசதி இருக்கிறது. திரை விலகியதும் 'மாது' என்று யாராவது கூப்பிட்டால் போதும், பார்வையாளருக்கு ஆள் தெரிந்துவிடுகிறது. இவன் பொய் சொல்வான், மாட்டுவான், தப்பிக்க இன்னொரு பொய் சொல்வான். அறிமுகத்துக்குச் செலவாக வேண்டிய பத்து நிமிடம் கதைக்கு மிச்சம். நம் கூத்தில் கட்டியங்காரனுக்கும், ஸ்பெஷல் நாடகத்தில் பபூனுக்கும் இருக்கும் வசதி இதுதான். ஆள் மேடைக்கு வந்து நின்றாலே சனம் நிமிர்ந்து உட்காரும்.

அவருடைய வசனத்தில் சொல் விளையாட்டு நிறைய. ஒருவர் சொன்ன சொல்லின் வாலை அடுத்தவர் பிடிப்பார், அவர் சொன்னதன் வாலை மூன்றாமவர் பிடிப்பார். மோகன் வெண்பா எழுதுவதில் தீராத ஆர்வம் கொண்டிருந்தவர், ரமண மகரிஷியைப் பற்றியும் வெண்பாக்கள் எழுதியவர். வெண்பாவில் ஒரு சீர் முடிகிற விதம் அடுத்த சீர் எப்படித் தொடங்க வேண்டும் என்று கட்டளையிடும். தளை தட்டினால் வெண்பா இல்லை. அவருடைய வசனங்களிலும் அந்தக் கட்டளை ஓடுவதாகவே எனக்குப் படுகிறது. நடுவில் ஒரு வரியை உருவினால் முன்னும் பின்னும் நிற்பவை சரிந்துவிடும். தனி ஜோக்குகளை எழுதி ஒட்டியவரிடம் இந்த இறுக்கம் வராது.

ஆனால் அவரைப் பார்த்து எழுத வந்தவர்களில் பலர் இந்தச் சொல் விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். சபா மேடைகளில் அப்படிப்பட்ட நாடகங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டே இருப்பார்கள். முதல் கால் மணி நேரம் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு கொட்டாவி வரும். தறி ஓடும் இந்த ஊரில் சொன்னால் உடனே புரியும்: அவர்கள் நீள நூலான பாவை ஓட்டாமல் குறுக்கு நூலான ஊடையை அடித்தார்கள். நாடா எத்தனை வேகமாக ஓடினாலும் துணி விழாது.

மோகனுடைய பாவு எது? ஒரு வீடு, ஒரு பொய், அந்தப் பொய்யை மெய்யாகவே நம்பும் மனிதர்கள். 'அவ்வை சண்முகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மேடைக்கு எழுதியதல்ல, 1996-இல் வந்த படம். வெளிநாட்டுப் படம் ஒன்றை ஒட்டிய கதைதான். ஆனாலும் மோகனின் கட்டுமானம் அதில் தெளிவாகத் தெரிகிறது. மகளைப் பார்க்க வழியில்லாத தகப்பன் பெண் வேடம் போட்டு மாமனார் வீட்டுக்கே வேலைக்குப் போகிறான். இது ஒரு பொய். அதே ஆசாரமான வீட்டில் நாசர் நடித்த பாஷா, ஊமைச் சமையற்காரராக வேடம் போட்டு வேலை பார்க்கிறார். இது இரண்டாவது பொய். அந்தப் பெண்ணை நிஜமென்று நம்பி வீட்டுக்காரர் விஸ்வநாத ஐயர் மனதைப் பறிகொடுக்கிறார். இன்னொரு பக்கம் மணிவண்ணன் நடித்த முதலியாரும் பறிகொடுக்கிறார். இவர்களில் ஒருவராவது வேடிக்கை காட்ட வந்தவரா? ஒருவருமில்லை. தகப்பனுக்கு மகள் வேண்டும். பாஷாவுக்குப் பிழைப்பு வேண்டும். இரண்டு முதியவர்களுக்கும் துணை வேண்டும். நால்வரும் உயிரைக் கொடுத்து முயற்சி செய்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது.

பாத்திரத்துக்குத் தான் வேடிக்கையாக இருப்பது தெரியக் கூடாது. மோகனிடம் நான் கற்றுக்கொண்டவற்றில் இதை முதலாவதாக வைப்பேன். தெரிந்துவிட்டால் அவர் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கத் தொடங்கிவிடுவார், அந்த இடத்தில் நாடகம் நின்றுவிடும்.

மோகனுக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் பி.ஜி.வுட்ஹவுஸ். அந்த மனிதர் ஒரு நாவலைத் தொடங்கும் முன் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குக் குறிப்பெழுதி, கதையின் போக்கை விரிவாகத் தீர்மானித்துவிட்டுத்தான் முதல் வரியை எழுதுவார். படிக்கும்போது காற்றில் மிதப்பது போலிருக்கும், அடியில் கணக்கு இருக்கும். இயந்திரவியல் படித்த மோகனுக்கு அந்தக் கணக்கு பிடித்துப் போனதில் எனக்கு வியப்பில்லை.

இந்த மரபு மோகனோடு தொடங்கவும் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபாவை நண்பர்களோடு தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. பின்னால் வழக்கறிஞராகி, நீதிபதியாகவும் இருந்தார். கூத்தாடிகள் என்று இளக்காரமாகப் பேசப்பட்ட காலத்தில் படித்தவர்களை மேடைக்குக் கூட்டி வந்தவர். அவருடைய 'சபாபதி' எளிமையான ஏற்பாடு: எஜமானுக்கும் சபாபதி என்று பெயர், வேலைக்காரனுக்கும் சபாபதி என்று பெயர். வேலைக்காரன் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவன். அவன் கிண்டல் செய்யவில்லை, விசுவாசமாக இருக்கிறான், அந்த விசுவாசம்தான் வீட்டைத் தலைகீழாக்குகிறது. 1941-இல் ஏ.வி.எம். அதைப் படமாக எடுத்தபோது டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும் நடித்தார்கள். இன்று பார்த்தாலும் சிரிப்பு வருகிறது.

இனி நம் பக்கம் வருகிறேன்.

கொங்கு நாட்டிலிருந்து நகைச்சுவை போகாத இடமே இல்லை. உடுமலைப் பக்கத்து வல்லகுண்டாபுரத்திலிருந்து கவுண்டமணி போனார். கோயமுத்தூரிலிருந்து கோவை சரளா போனார், சத்யராஜ் போனார். இந்தக் கருமத்தம்பட்டி எந்தத் தாலுக்காவில் இருக்கிறதோ அந்தச் சூலூரிலிருந்தே மணிவண்ணன் போனார். 1994-இல் அவர் எழுதி இயக்கிய 'அமைதிப்படை' இந்த மண்ணின் நக்கலை அரசியல் மேல் திருப்பிய படம். அரசியல் நையாண்டி என்று தமிழில் எதைச் சொன்னாலும் அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. நாடகத்துக்கும் நம்மவர்கள் குறைவில்லாமல் உழைத்திருக்கிறார்கள். சிங்காநல்லூரில் பிறந்த எஸ்.வி.சகஸ்ரநாமம் சேவா ஸ்டேஜ் தொடங்கி, பி.எஸ்.ராமையா போன்ற எழுத்தாளர்களை நாடகம் எழுத வைத்தார்.

நடிகர்கள் போனார்கள், இயக்குநர்கள் போனார்கள். நாவலிலும் நம் பேச்சு வந்தது. கீரனூர் ஆர்.சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மா'ளில் கொங்குப் பேச்சை அப்படியே அச்சேற்றினார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தார். ஆனால் கொங்குப் பேச்சிலேயே பிறந்து, ஒரு முழு மாலை நேரத்தை நிரப்புகிற நகைச்சுவை மேடை நாடகங்கள் என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. சென்னையில் சபாக்கள் இருந்தன, உறுப்பினர் சந்தா இருந்தது, மாதம் ஒரு நாடகம் வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. அந்தக் கட்டாயம்தான் மோகனைப் போன்றவர்களை ஓயாமல் எழுத வைத்தது. நம் பக்கம் மேடை என்றால் கோயில் நோம்பி. வருஷத்துக்கு ஒரு முறை. அதிலும் இப்போது ஆர்கெஸ்ட்ரா வந்துவிட்டது. வள்ளி கும்மி மறுபடியும் ஊர் ஊராக எழுந்து ஆடுவது எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆயிரம் பேர் கூடி ஆட முடிகிற ஊரில் எட்டுப் பேர் கூடி நடிக்க முடியாதா?

மோகன் கொங்குப் பேச்சுக்கு எழுதிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. 1995-இல் பாலுமகேந்திரா இயக்கிய 'சதி லீலாவதி'. கமல்ஹாசன் டாக்டர் சக்திவேல், கோவை சரளா அவர் மனைவி பழனி. நண்பனுடைய கள்ள உறவை மறைக்கப் போய், தப்பே செய்யாத சக்திவேல் தன் மனைவியிடம் மாட்டிக்கொள்கிறார். மயிலாப்பூர்ப் பேச்சில் ஊறிய ஒருவர் எழுதியது, நம் ஊர்ப் பெண் ஒருவர் வாயில் எப்படி மாறுகிறது என்று அந்தப் படத்தில் கவனியுங்கள். மோகனின் வழக்கமான வசனத்தில் ஆட்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுவார்கள், வேகம்தான் அதன் உயிர். பழனி பேசும்போது வேகம் வேறு மாதிரி ஆகிறது. கோபம் தலைக்கேறும், சந்தேகம் கொதிக்கும், ஆனால் பேச்சின் கடைசியில் அந்த 'ங்' வந்து உட்கார்ந்துவிடும். திட்டிலும் மரியாதை இருக்கும். சிரிப்பு அந்த இடைவெளியில் பிறக்கிறது.

நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தது இதுதானுங்க. மோகனிடமிருந்து கட்டுமானத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் நாக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய ஊரில் சண்டை என்றால் வாய்ச்சண்டை, யார் முதலில் பதில் சொல்கிறார் என்ற போட்டி. நம் ஊரில் சண்டையே வேறு. இரண்டு பங்காளிகள் வரப்புத் தகராறில் கோர்ட்டு வரை போயிருப்பார்கள். எதிரில் பார்த்துக்கொண்டால் "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றுதான் தொடங்குவார்கள். ஒறம்பரை வந்திருக்கும்போது கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டார்கள், "அவங்களே சொல்லுவாங்க" என்று காத்திருப்பார்கள். கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் கல்யாணம் நின்ற வீடுகள் இங்கே உண்டு. நேராகக் கேட்காத இந்த மரியாதைதான் நம் நாடகத்தின் இயந்திரம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெறும் தத்துவமாகச் சொல்லிவிட்டுப் போகாமல் ஒரு காட்சியை உங்களோடு சேர்ந்து கட்டிப் பார்க்கலாம்.

இடம் கருமத்தம்பட்டிக்கும் சோமனூருக்கும் நடுவில் ஒரு தறிக்குடோன், ஒட்டினாற்போல் வீடு. கூலிக்கு நெய்கிறவர். பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அன்று பெண் பார்க்க வருகிறார்கள். தறியை நிறுத்தலாம், ஆனால் மறுநாள் காலை துணி அனுப்பியாக வேண்டும், நிறுத்த முடியாது. மாப்பிள்ளையின் அப்புச்சி தறி பார்க்க ஆசைப்பட்டு உள்ளே வந்து நிற்கிறார். எட்டுத் தறி ஓடுகிற இடத்தில் பேசினால் என்ன கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். தறி ஓட்டுகிறவர்கள் உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேசிக்கொள்கிறார்கள். தறிக்காரருக்கு வெளியாள் யார் வந்தாலும் நூலைப் பற்றித்தான் கேட்பார் என்ற பழக்கம். இனி அவர்கள் பேசுகிறார்கள்:

"பொண்ணுக்கு வயசு எத்தனைங்க?"

"நாப்பதுங்க!"

"நாப்பதுங்களா?"

"ஆமாங்க. நல்லா ஓடிட்டு இருக்குதுங்க. வேணும்னா அறுபதும் இருக்குதுங்க."

"அறுபதா?"

"அது இன்னும் மெல்லிசா இருக்கும்ங்க. ஆனா அடிக்கடி அந்துபோகும், பாத்துப் பதனமா வெச்சுக்கோணும்ங்க."

நூல் நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும் என்பதை இந்த ஊரில் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. தறிக்காரர் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஒரு சொல்கூட வேடிக்கைக்காகச் சொன்னதில்லை. தன் தொழிலைப் பெருமையோடு சொல்கிறார். அப்புச்சிக்கு வயிறு கலங்குகிறது.

இப்போது எழுதுகிறவருக்குச் சோதனை. தறி நின்றால் அல்லது இருவரும் வெளியே வந்தால் "என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டு ஒரே வரியில் தீர்த்துவிடலாம். நாடகம் மூன்றாவது நிமிடத்தில் முடிந்துவிடும். பல புதிய நாடகங்கள் செத்துப்போவது இங்கேதான். பாத்திரம் ஏன் உண்மையைக் கேட்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இழுத்துக்கொண்டே போவார்கள். பார்வையாளர் "அட, கேட்டுத் தொலையேன்" என்று மனதுக்குள் சொல்லத் தொடங்கிவிடுவார். நமக்கு அந்தக் கவலை இல்லை. அப்புச்சி கேட்க மாட்டார். ஒருத்தர் வீட்டுக்குப் போய், காப்பியைக் குடித்துவிட்டு, "உங்க பொண்ணுக்கு நாப்பதா?" என்று எப்படிக் கேட்பது? அது நாயமா? அவர் பேரனைத் தனியாகக் கூப்பிட்டு, சுற்றி வளைத்து, வயதில் மூத்த பெண்ணைக் கட்டி நன்றாக வாழ்ந்தவர்களின் கதையாகச் சொல்கிறார். பேரன் அதைக் கேட்டு, தான் கோயமுத்தூரில் வேறொரு பெண்ணை விரும்புவது அப்புச்சிக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தன்னைவிட ஒரு வயது கூட என்பதும் தெரிந்துவிட்டது, சம்மதமும் சொல்கிறார் என்று நினைத்துக் கண்கலங்குகிறான். இரண்டு பேரும் கட்டிக்கொள்கிறார்கள். இருவரும் பேசுவது வேறு வேறு பெண்ணைப் பற்றி.

அடுத்து, இந்த ஊருக்கென்றே வாய்த்த ஒரு கருவி இருக்கிறது: கரண்ட். அத்தனை தறியும் ஒரே நொடியில் நிற்கும். சத்தத்தில் பழகியவர்கள் அந்த நொடியில் இன்னும் கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். பெண்ணின் அத்தை உள்ளறையில் அம்மாவின் காதில் ஏதோ ரகசியம் கத்திக்கொண்டிருக்கிறார். கரண்ட் போகிறது. அந்த ரகசியம் ஆசாரத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் காதிலும் தெளிவாக விழுகிறது. என்ன ரகசியம் என்று நான் சொல்லவில்லை, அது நீங்கள் எழுத வேண்டியது. ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். ஒருவரும் கேட்காதது போல் இருப்பார்கள். "மழை வருமாட்ட இருக்குதுங்க" என்று பேச்சை மாற்றுவார்கள். அந்த மரியாதையால் இன்னொரு அரை மணி நேரம் நாடகம் ஓடும்.

மோகனிடம் கதவு செய்யும் வேலையை இங்கே தறியின் சத்தம் செய்கிறது. சபா நாடகத்தில் ஒருவர் உள்ளே போனதும் இன்னொருவர் வெளியே வருவார், இருவரும் சந்தித்தால் குட்டு உடையும். நம் மேடையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஆனாலும் சந்திக்கவில்லை.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம், தறிக்காரர் வாழ்க்கையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று. கூலி உயர்வுக்காக எத்தனை போராட்டம் நடந்திருக்கிறது, பேசி முடித்த கூலி கைக்கு வராமல் எத்தனை முறை தறியை நிறுத்தியிருக்கிறோம், இதைப் போய் கேலியாக்குவதா என்று. கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு இத்தாலியிலிருந்து ஒரு பதிலைக் கொண்டுவருகிறேன். 1997-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற தாரியோ ஃபோ 1974-இல் எழுதிய நாடகம் ஒன்றைத் தமிழில் 'கொடுக்க முடியாது, கொடுக்கவும் மாட்டோம்' என்று சொல்லலாம். மிலான் தொழிலாளர் குடியிருப்பில் நடக்கிறது. விலைவாசி ஏறியதைப் பொறுக்க முடியாமல் பெண்கள் கடைக்குள் புகுந்து காசு கொடுக்காமல் சாமான்களை எடுத்துவந்துவிடுகிறார்கள். ஒருத்தியின் புருஷன் சட்டத்தை மதிக்கும் நேர்மையான தொழிலாளி, அவனுக்குத் தெரியக் கூடாது. சாமான்களைத் தோழியின் கோட்டுக்குள் திணித்து, அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கிருந்து ஒரு பொய்க்கு இன்னொரு பொய் என்று ஏறிக்கொண்டே போகிறது. அரங்கம் வயிறு வலிக்கச் சிரிக்கும், ஆனால் அந்தப் பெண் ஏன் பொய் சொல்ல நேர்ந்தது என்பதை ஒருவரும் மறக்க மாட்டார்கள். பசிதான் அந்த நாடகத்தின் முதல் பொய்யைச் சொல்ல வைத்தது. நம் தறிக்காரரும் பெண் பார்க்கும் நாளில்கூடத் தறியை நிறுத்த முடியாமல் இருக்கிறார் அல்லவா? அந்தக் கஷ்டத்தை வசனமாகப் புலம்ப வேண்டியதில்லை. தறி ஓடிக்கொண்டே இருக்கட்டும், போதும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். தறிக்காரரின் அறியாமையைப் பார்த்துச் சிரிக்க வைத்தால் அது பாவம். அவர் மாட்டிக்கொண்ட சிக்கலைப் பார்த்துச் சிரிக்க வைத்தால், அதே சிக்கலில் தானும் இருப்பது சிரிக்கிறவருக்குத் தெரியும்.

மோகன் கடைசிவரை காத்த ஒரு கட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். இரட்டை அர்த்த வசனத்தை அவர் நாடகத்தில் அண்டவிடவில்லை. தாத்தாவும் பேத்தியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் அரங்கத்துக்கு எழுதுகிறோம் என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. இதை ஒழுக்கப் பாடமாக மட்டும் பார்க்கிறார்கள். நான் இதை எழுத்துத் திறமையாகவும் பார்க்கிறேன். ஆபாசம் சுலபமான வழி. அந்த வழியை அடைத்துவிட்டால், எழுதுகிறவர் வேறு வழி தேடியே ஆக வேண்டும். நூற்றுக்கணக்கான முறை மேடையேறிய 'சாக்லேட் கிருஷ்ணா' வரை அவர் அந்த வேறு வழியைத் தேடிக்கொண்டே இருந்தார். நம் பேச்சில் கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமில்லை, மேடையில் ஒன்றைச் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். அந்தக் கைதட்டலை நம்பி எழுதாதீர்கள்.

அதேபோல் ஒரே சாதியின் அடையாளமான பேச்சையும் நம்பாதீர்கள். கொங்குப் பேச்சு என்றாலே ஒரு சமூகத்தின் பேச்சு என்று சினிமா பழக்கிவிட்டது. தறி ஓட்டுகிறவர்கள், பாவு பிணைக்கிறவர்கள், இந்த ஊர் ஜெபமாலை மாதா கோயில் தேரை இழுக்கிறவர்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கேயே 'ங்க' போட்டுப் பேசப் பழகிய பையன்கள், எல்லோர் பேச்சும் கொங்குப் பேச்சுதான். அந்தப் பையன்களில் ஒருவனை நம் தறிக்குடோனில் நிறுத்துங்கள். அந்த வீட்டில் நேராகக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான், நம் மரியாதைக் கணக்கு அவனுக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை அல்லவா? அவன் கேட்டுவிட்டால் நாடகம் முடிந்துவிடும். அவனை எல்லோரும் எப்படிக் கேட்கவிடாமல் செய்கிறார்கள் என்பதே ஒரு காட்சி.

எழுதி முடித்ததும் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மண்டபம் வாடகைக்கு எடுக்கும் யோசனை இப்போது வேண்டாம். முதல் காட்சியைப் பத்துப் பக்கத்துக்குள் எழுதுங்கள். யார் யார் எந்தப் பாத்திரம் என்பதை எழுதும்போதே இந்தக் கூட்டத்தில் இருக்கிறவர்களிலிருந்து முடிவு செய்துவிடுங்கள், பெண் பாத்திரங்களைப் பெண்களுக்கே எழுதுங்கள். அந்த அத்தைக்கு நாலு வரி கொடுத்து உள்ளறைக்கு அனுப்பிவிடாதீர்கள், இந்தக் கதையில் எல்லா விஷயமும் தெரிந்தவர் அவர்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷிப்டு இல்லாத நேரத்தில், நிஜமான ஒரு தறிக்குடோனில் நின்று படித்துப் பாருங்கள். வாசிப்பைக் கேட்க உங்கள் அப்புச்சியையும் அம்முச்சியையும் கூட்டி வாருங்கள். அவர்கள் சிரிக்கிற இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். "இப்படி யாருங்க பேசறாங்க?" என்று அவர்கள் கேட்கிற இடத்தைப் பேனாவால் அடித்துவிடுங்கள். தறியை ஓடவிட்டு ஒரு தடவை, நிறுத்திவிட்டு ஒரு தடவை. சத்தம் நிற்கும் அந்த நொடிக்கு முன்னால் எத்தனை வரி வேண்டும், பின்னால் எத்தனை வரி வேண்டும் என்பதை அங்கேதான் கண்டுபிடிக்க முடியும், மேஜையில் முடியாது. எழுதிக்கொண்டு வாருங்கள், நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன். அந்த அத்தையின் ரகசியம் என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையாகவே ஆசையாக இருக்கிறது.